நடிப்பு என்று சொல்லிவிட்டேன்

ஒரகடம்
14.7.91

அன்புள்ள மாமாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். நிலவனுக்கு நாலு நாளாகச் சளி. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்படி நெஞ்சு கரகரக்குமா என்று டாக்டரிடம் கேட்டால் "எல்லாப் புள்ளைக்கும் வரதுதாம்மா" என்கிறார். அதையும் நம்பாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நேற்று உங்களைப் பார்த்தேன். படப்பை டென்ட் கொட்டாயில்.

உங்களோடு பட்டாளத்தில் இருக்கிற பென்னலூர் முனிரத்தினம் லீவில் வந்து, "அண்ணி, போன வருஷம் ஜான்சியில நம்ம ஆளுங்களை வச்சு ஒரு சண்டைப் படம் எடுத்தாங்களே, அது தமிழ்ல வந்துகீது. அண்ணன் அதுல வராரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. உங்கள் அப்பா டிராக்டர் பேசி, காலனி ஆட்கள் இருபத்துமூன்று பேரை ஏற்றிக்கொண்டு, எல்லாருக்கும் அவரே டிக்கெட் வாங்கினார். கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

படம் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. கதாநாயகன் மார்பில் குண்டு வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிறான். அவன் பெண்டாட்டி ஸ்டேஷனில் கண்ணில் ஒரு சொட்டு வராமல் சிரித்துக்கொண்டே வழியனுப்புகிறாள். அதைப் பார்த்து அத்தை என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அவளும் பொம்பளதான்" என்றார்கள். நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அழுததை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

இடைவேளைக்கு அப்புறம் நீங்கள் வந்தீர்கள். பள்ளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, உடம்பெல்லாம் உதற அழுதீர்கள். "என்னை வூட்டுக்கு அனுப்புங்க" என்று உங்கள் வாய்க்கு வேறு யாரோ குரல் கொடுத்தார்கள். கதாநாயகன் சட்டையைப் பிடித்துத் தூக்கி இரண்டு அறை விட்டு, "நீ ஆம்பளையா? போடா, போய்ச் சமையக்கட்டுல வெங்காயம் உரி" என்றான். கொட்டாயே விசிலடித்தது. முதலில் நம் ஆட்களும்தான் சிரித்தார்கள். அப்புறம்தான் யார் என்று தெரிந்தது.

உங்கள் அப்பா எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. ஒரகடம் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார்.

இன்று காலை குழாயடியில் ஒரு பையன் நிலவனைப் பார்த்து "டேய் வெங்காயம்" என்றான். கோதண்டம் டீக்கடைக்கு உங்கள் அப்பா போகவில்லை. உங்கள் முதல் லீவில் யூனிபார்மோடு போய் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தீர்களே, அன்றிலிருந்து நம் காலனியில் அவர் ஒருத்தர்தான் அந்தப் பெஞ்சில் உட்காருகிறார். மற்றவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் குடிக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

ஏன் மாமா இதற்கு ஒத்துக்கொண்டீர்கள்? படத்துக்கு நின்ற இருநூறு பேரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

டிசம்பரோடு பதினைந்து வருஷம் முடிகிறது. பென்ஷன் பேப்பர் கொடுத்தாகிவிட்டது என்று எழுதினீர்கள். ஜனவரியிலிருந்து வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருப்போம் என்றுதான் நான் ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன். ஆனால் இந்த ஊருக்குள் எந்த முகத்தோடு வருவீர்கள் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

மெர்சி


56 ஏ.பி.ஓ.
29.7.91

மெர்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குச் சளி என்றால் நெஞ்சில் தேங்காயெண்ணெயும் கற்பூரமும் தேய். பயப்படாதே.

படம் படம்தான். அதற்கு டிராக்டர் பேசிக்கொண்டு போகச் சொல்லி யார் சொன்னது? முனிரத்தினத்துக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

நீ காலேஜ் படித்தவள், நீயும் இப்படிப் பேசலாமா? அந்த நடிகன் முதல்நாள் வெறும் வெடியை வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வேனுக்குள் போய்விட்டான். மத்தியானம் வரை வரவில்லை. அவன் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனது நான். வெங்காயம் உரிப்பது கேவலமா? இங்கே ஆம்பளைகள்தான் உரிக்கிறோம். ஒரு கம்பெனிக்கு ஒரு வேளைக்குப் பன்னிரண்டு கிலோ. சுபேதார் சாப் முதற்கொண்டு எல்லாரும் அந்தப் பக்கெட் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். கக்கூஸ் கழுவுகிறோம். கேப்டன் வீட்டுக் குழந்தையை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். அதெல்லாம் எந்தப் படத்திலும் வராது. அழ வேண்டியவர்கள் குளிக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்டாலும் யாரும் கேட்டதாகக் காட்டமாட்டார்கள்.

அப்பா என்ன சொன்னார் என்று எழுது. நடந்து போனதை எழுதினாய். சொன்னதை எழுதவில்லை.

அக்டோபரில் நம் கோயில் அறுப்பின் பண்டிகைக்கு லீவு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஞானசிகாமணி


ஒரகடம்
11.8.91

அன்புள்ள மாமாவுக்கு,

லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நான் சரிசெய்துவிட்டேன்.

உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு நாள் யாரிடமும் பேசவில்லை. உங்கள் யூனிபார்ம் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். அத்தை மறுபடி மாட்டினார்கள். அவர் மறுபடி எடுத்தார். இதைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை நாள் சும்மா இருப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, காணிக்கைக் கணக்குப் பார்க்கிறாரே சின்னப்பையன் அண்ணன், அவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னா மெர்சி, ஒன் வூட்டுக்காரரு பார்டர்லயும் இப்படித்தான் அழுதுக்கினு கீறாரா?" எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, அது நடிப்பு. டைரக்டர் இருநூறு பேரை நிக்க வச்சு அழச் சொல்லியிருக்காரு. ஒருத்தனாலயும் முடியல. இவர் ஒருத்தர்தான் கேட்ட உடனே அழுதாரு. பம்பாய்க்கு வந்துடு, சினிமாவுல போடறேன்னு கூப்பிட்டாராம். எனக்கு மிலிட்டரிதான் முக்கியம்னு இவரு போகல."

பொய்தான். பாதி பொய். ஆனால் நடிப்பு என்பது உண்மைதானே. மேல் பூச்சு மட்டும்தான் என்னுடையது.

மாமா, நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. "அப்பாவு மவன் சினிமா ஆக்டர்" என்று குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேர் மறுபடி டென்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அந்த மூக்கொழுகுறது கூட எப்படிய்யா வர வச்சாரு" என்று அத்தையிடம் கேட்கிறார்கள். உங்கள் அப்பா முந்தாநாள் கோதண்டம் கடைக்குப் போனார். கோதண்டமே, "வாய்யா அப்பாவு, ஒன் புள்ள எங்க எல்லாரையும் ஏமாத்திட்டானே" என்று டீ கொடுத்தாராம். பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார். போட்டோவை அவரே மாட்டினார்.

நான் படித்த சரித்திரப் பட்டத்துக்கு இந்த ஊரில் இதுவரை வேலை இல்லை. இந்த ஒரு பொய்க்காவது உதவியது.

நீங்கள் வாருங்கள். மே மாதம் குண்டு வெடித்ததற்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இன்னும் போலீஸ் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். அடையாளச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பென்னலூர் பக்கம் கட்டுகிற கம்பெனியில் செக்யூரிட்டிக்கு ரிட்டையர்டு மிலிட்டரி ஆள்தான் வேண்டுமாம். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைக்குச் சளி தேவலை. இப்போது வயிறு சரியில்லை.

மெர்சி


56 ஏ.பி.ஓ.
2.9.91

மெர்சிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அது நடிப்பு இல்லை.

என்னை யாரும் அழச் சொல்லவில்லை. பள்ளத்தில் எட்டுப் பேர் படுத்திருக்கவேண்டும், வெடி வெடிக்கும், எழுந்து ஓடவேண்டும், அவ்வளவுதான். முதல் வெடி வெடித்தது. ஏழு பேர் ஓடினார்கள். நான் ஓடவில்லை. கேமராவை நிறுத்தாமல் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. அந்த நடிகனை யாரோ உள்ளே தள்ளி அடி என்றிருக்கிறார்கள். அவன் அடித்தது நிஜமான அடி. இடது காது இரண்டு நாள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் டைரக்டர் என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து "பஹுத் அச்சா" என்று இந்தியில் பாராட்டினான்.

வேறு யாரோ குரல் கொடுத்தார்கள் என்று எழுதினாயே. நான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நான் சொன்னது "சுடாதேங்கோ அண்ணை." அது என் வார்த்தையும் இல்லை. அமைதிப்படையில் போயிருந்தபோது சிலோனில் ஒரு சந்துக்குள் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பொம்பளை வாசலுக்கு வந்து அப்படிச் சொன்னாள். இடுப்பில் பிள்ளை. அண்ணை என்று யாரைக் கூப்பிட்டாள், எங்களையா, அவர்களையா என்று தெரியாது. அவள் மேல் பட்டது யாருடைய குண்டு என்றும் தெரியாது. எங்கள் செக்‌ஷனில் பாதி பேருக்கு அவள் சொன்னது புரியவில்லை, வேறு பாஷைக்காரர்கள். எனக்குப் புரிந்தது. அதுதான் வித்தியாசம்.

படத்தில் சாகிற எதிரி ஒருத்தனும் நமக்குப் புரிகிற பாஷையில் சாவதில்லை. கவனித்தாயா?

போன வருஷம் அங்கிருந்து திரும்பி வந்தபோது நம் ஊரில் ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. தமிழன் மேலேயே துப்பாக்கி தூக்கினவன் என்று நினைத்திருப்பார்கள். பரவாயில்லை. நானும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. கலியாணமான முதல் வருஷமே உன்னை விட்டுப் போய், வந்ததும் இதைச் சொல்லி என்ன செய்வது என்று இருந்துவிட்டேன்.

இங்கே என் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். பள்ளத்திலிருந்து என்னைத் தூக்கி வந்தவர்கள் அவர்கள்தான். மறுநாள் ஒருத்தன் என் துணியைச் சேர்த்துத் துவைத்துப் போட்டான். ஒருத்தனும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நீ அதை நடிப்பு என்று சொல்லிவிட்டாய். எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஞானசிகாமணி


ஒரகடம்
16.9.91

அன்புள்ள மாமாவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கொட்டாயில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வலிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கட்டினவள் நான். அந்த அழுகை நிஜம் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்கள், ஒரு தடவை கொசுவலையைக் கிழித்தீர்கள். அதையெல்லாம் அசதி என்று நினைத்துக்கொண்டேன். அசதி என்று நினைப்பதுதான் சுலபமாக இருந்தது.

உங்கள் கடிதத்தை உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் உண்மை தெரிந்தால் அவராவது உங்கள் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "மடிச்சு வை" என்றார். வைத்தேன். "அது நடிப்புதான். நீ சொன்னதுதான் சரி. இந்தக் காயிதத்தை அடுப்புல போடு."

"மாமா, அவரு உங்க புள்ள" என்றேன்.

"அதான் சொல்றேன். நெஜமா அழுதான்னு தெரிஞ்சா ஊர்ப்பக்கம் ஒருத்தன் என்னை மதிப்பானா? பெஞ்ச விடு, காலனிக்குள்ளயே மதிப்பானா? ஒன்னும் தெரியாத மாதிரி இரு. வரட்டும். நாலு பேர் முன்னால ஒரு தடவ சிரிச்சுக்கினு அழுது காட்டிட்டான்னா எல்லாம் முடிஞ்சிடும்."

நான் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என் பி.ஏ. சர்ட்டிபிகேட்டோடு வைத்திருக்கிறேன்.

அழுது காட்டுகிற பேச்செல்லாம் நடக்காது. நான் இருக்கும்போது யாரும் கேட்கமாட்டார்கள். சின்னப்பையனிடம் பேசிவிட்டேன். அவரும் சரி என்றார். பண்டிகை அக்டோபர் இருபதாம் தேதி. நீங்கள் வந்து, ஆராதனையில் உட்கார்ந்து, காணிக்கை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எடுத்து, எல்லாரோடும் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். ஜனவரிக்கு அப்புறம் இந்த ஊரில்தானே இருக்கப்போகிறீர்கள். மறைந்து எத்தனை நாள் இருப்பது?

வாருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மெர்சி


ஒரகடம்
29.10.91

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஜான்சி போய்ச் சேர்ந்தீர்களா என்று கூடத் தெரியவில்லை. பதினெட்டு நாள் லீவில் ஏழு நாள் பாக்கி வைத்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறும்போது, "பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடு" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். அக்டோபரில் இங்கே யாருக்கு ஸ்வெட்டர்?

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லவேண்டும். சின்னப்பையன் என்னிடம் சரி என்றது நிஜம். ஏலம் என்று வந்துவிட்டால் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. நீங்களே பார்த்தீர்கள். நாற்பது ரூபாய் கோழியை நூற்றெழுபதுக்கு ஏற்றிவிட்டவர். வெங்காயக் கட்டு மேஜைக்கு வந்ததும் அவர் கண் உங்கள் பக்கம் போனதை நான் பார்த்தேன். பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்திருப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "இது சும்மா வெங்காயம் இல்ல சபையாரே. நம்ம ஆக்டர் கையால உரிச்சு, அழுதும் காட்டுவாரு. எல்லாம் ஆண்டவருக்குத்தான்." போதகர் ஐயா கூடச் சிரித்தார். ஐம்பது, எண்பது, நூறு.

நூற்றிருபதில் நின்றது. அதோடு விட்டிருப்பார்கள். "முந்நூறு. அழுவட்டும்" என்றது உங்கள் அப்பா.

எல்லாம் தெரிந்து சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் நான் பேசிய பேச்சை நீங்கள் கேட்கவில்லை, வெளியே போய்விட்டீர்கள். "இன்னிக்கோட முடிஞ்சிடுச்சு இல்ல" என்று மட்டும் சொன்னார். எழுந்துபோய் உங்கள் போட்டோவைத் துண்டால் துடைத்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

நீங்கள் முதலில் சிரித்துக்கொண்டே முழங்காலிட்டீர்கள். சும்மா முகத்தைச் சுளித்தீர்கள். அதோடு எழுந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அப்புறம் அந்த வார்த்தை வந்தது. "சுடாதேங்கோ அண்ணை, சுடாதேங்கோ." எனக்குப் பின்னால் ஒருத்தி, "இன்னாடி சிலோன் பாஷை பேசறாரு, சினிமாவுல வேற மாதிரி வந்துச்சே" என்றாள். இன்னொருத்தி, "புதுசா சேத்துக்கினாரு போல" என்றாள்.

கைதட்டினார்கள். நிலவனும் தட்டினான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆக்டர் பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று பார்த்தார்கள்.

நானும் தட்டினேன் மாமா.

தட்டாமல் இருந்திருந்தால் தெரிந்துபோயிருக்கும். எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்திருந்தாலும் தெரிந்துபோயிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். நீங்கள் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் கையைத்தான். அது எனக்குத் தெரியும்.

நேற்று நிலவன் கல்லில் விழுந்து முழங்காலில் ரத்தம். ஓ என்று அழுதான். நான் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்ததும் அழுகையைப் பட்டென்று நிறுத்திவிட்டு, உதடு துடிக்க, "சும்மா. நடிச்சேன்" என்றான். அவர்கள் சிரித்து, "அப்பன் புள்ள" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். நான் அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போய், "அழுடா, அழுடா" என்று கெஞ்சினேன். அவன் அழவில்லை.

ஜனவரியில் நீங்கள் வந்துவிடவேண்டும். இதை நான் தனியாகச் சரிசெய்ய முடியாது. நான் சரிசெய்த லட்சணம்தான் தெரிந்துவிட்டதே. ஊர் எப்படியும் போகட்டும். தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கலாம். உங்கள் அப்பா வேண்டாம், இந்தக் காலனி வேண்டாம். பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மெர்சி


56 ஏ.பி.ஓ.
14.11.91

மெர்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கடிதமும் வந்தது.

திட்ட ஒன்றும் இல்லை. நீ போட்ட கணக்கு சரிதான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் தட்டியிருப்பேன். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

தாம்பரத்தில் வீடு பார்க்கலாம் என்கிறாய். தாம்பரத்திலும் டென்ட் கொட்டாய் இருக்கிறது. பென்னலூர் கம்பெனி கேட்டில் யூனிபார்ம் போட்டு நிற்கிறபோதும் எவனாவது ஒருத்தன் அந்தப் படத்தைப் பார்த்தவனாக இருப்பான். சார், ஒரு தடவை அழுது காட்டுங்க என்பான். காட்டமாட்டேன் என்றால் பார்த்தது நிஜம்தான் என்று ஆகிவிடும். காட்டினால் அன்று மாதிரி ஆகும். உன்னோடும் பிள்ளையோடும் இருக்கவேண்டும் என்றுதான் பேப்பர் கொடுத்தேன். உன் எதிரில் அழுதால் இனி அது எதுவென்று உனக்கும் சந்தேகமாக இருக்கும், எனக்கும் இருக்கும்.

வந்த அன்று கம்பெனியில் யாரும், ஏன் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாய் என்று கேட்கவில்லை. கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். அன்று ராத்திரி அந்தக் குழாய் இரைச்சலில் குளித்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வந்தது.

நேற்று ஆபீசுக்குப் போய்ப் பென்ஷன் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்னும் இரண்டு வருஷமாவது இருக்கலாம் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

நிலவனை அழு என்று வற்புறுத்தாதே. அவனுக்குத் தானாக வரும்போது அழட்டும். நீ மட்டும் அந்த நேரத்தில் பக்கத்தில் இரு. அக்கம்பக்கத்தார் வந்தால் கதவைச் சாத்திக்கொள்.

காலனியில் கேட்டால் நான் வர மறுத்தேன் என்று சொல்லாதே. மிலிட்டரி அவரை விடமாட்டேன் என்கிறது, அவரை மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள் என்று சொல். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

ஞானசிகாமணி